கோதண்டத்தின் கண் வைத்தியம்

ஒரகடம்
18-6-1991

தங்கச்சி செந்தாமரைக்கு,

கவரின் பின்னால் கம்பெனி விலாசம் இருப்பதைப் பார்த்து, அண்ணனுக்கு வேலை போய்விட்டது, கம்பெனியே துக்கச் செய்தி அனுப்பியிருக்கிறது என்று பயந்துவிடாதே. வேலை இருக்கிறது. மறைமலை நகரில் அதே தொழிற்சாலை, அதே இன்ஸ்பெக்ஷன் மேசை. நான் கண்ணை இடுக்கிப் பார்த்து 'சரி' என்று சொல்லாமல் ஒரு பார்ட்டும் வெளியே போகாது. விலாசத்துக்குக் காரணம் உன் அண்ணி. எங்கள் கலைமதியை உன் பையனுக்குக் கேட்டு நீ வந்து சண்டையாகிப் போனதிலிருந்து, உன் நெய்வேலித் தபால் முத்திரையைப் பார்த்தாலே சரோஜா அன்றைக்குக் குழம்பில் உப்பைக் கூட்டிவிடுகிறாள். நீயும் இனி கம்பெனிக்கே எழுது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் அப்பா எதனால் செத்தார்? ஊரில் மூலம் என்றார்கள். கடைசியில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீதான். ரத்தம் போயிற்றா, வயிறு அடைத்ததா என்று எழுது. கேட்பது நான் இல்லை, டாக்டர்.

சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லார் வீட்டு விஷயத்தையும் டீக்கடையில் பிரித்து உலர்த்துகிற எனக்கு, என் விஷயத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. மலக்குடலுக்குள் ஒரு சதை வளர்ந்திருக்கிறது. கோழிக்கொண்டை மாதிரி என்றார் டாக்டர். அதிலிருந்துதான் ரத்தம். இதுவரைக்கும் புற்று இல்லையாம். அறுத்து எடுத்துவிட வேண்டியது. ஆனால் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மயக்க மருந்து டாக்டர் கையை விரித்துவிட்டார். "தூங்க வைக்கிறது என் பொறுப்பு, எழுப்புறது என் பொறுப்பு இல்ல" என்றார். நல்ல மனிதர். என்னைப் போலவே பேசுகிறார்.

அதனால் லேசர். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைக்கிறார்கள். கத்தி இல்லை, மயக்கம் இல்லை. பின்னால் ஒரு குழாயை விட்டு, அதற்குள் நூல் மாதிரி ஒன்றை விட்டு, அதன் முனையில் வருகிற வெளிச்சத்தால் சதையைச் சுட்டுச் சுட்டுக் குறைப்பார்களாம். அது மறுபடி வளரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய் மறுபடி சுட்டுக்கொள்ள வேண்டும். முடி வெட்டிக்கொள்வது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். "தவறாம வந்தா அடங்கிக் கிடக்கும். விட்டா அது வேற ஆளா மாறிடும்" என்றார் டாக்டர்.

சரோஜாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

உன் அண்ணன்
கோதண்டம்


நெய்வேலி
27-6-1991

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று.

அப்பாவுக்கு ரத்தம் போனது. ரெண்டு வருஷம் போனது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வேட்டியை அவரே ஏரியில் அலசிக்கொண்டு வருவார். கடைசியில் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கே தெரியும். நாட்டு வைத்தியர் வந்து பார்த்துவிட்டு மூலம் முற்றிப்போச்சு என்று சொன்னார். அதைத்தான் ஊரில் சொன்னோம். டாக்டரிடம் இதை அப்படியே சொல்.

நீ எழுதியதில் எனக்குப் பிடிக்காதது கடைசி வரி. அண்ணியிடம் சொல். எனக்கும் அவளுக்கும் ஆகாது, நிஜம்தான். என் பையனை என்ன பேச்சுப் பேசினாள் என்று இன்னும் மறக்கவில்லை. ஆனால் உன்னோடு ஒரே வீட்டில் இருப்பவள் அவள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மெட்ராஸுக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொண்டால், கேட்க மாட்டாளா?

உங்கள் மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட். சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

செந்தாமரை


ஒரகடம்
4-8-1991

தங்கச்சிக்கு,

கேட்டாள். நான் சொல்லவும் சொன்னேன், பாதியை. "லேசர் வைக்கப் போறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுச் சின்னப்பொண்ணு மோர் வாங்க வந்து நின்றிருந்தாள். "கண்ணுக்காண்ணே? எங்க சித்தப்பாவுக்கும் மெட்ராஸ்ல அதான் வெச்சாங்க" என்றாள். சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு தடவைதான் ஆட்டினேன், அன்று மாலைக்குள் ஒரகடம் முழுக்க எனக்குக் கண் போய்விட்டது.

பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் இல்லையா. மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். பச்சைத் துணியில் ஒரு மறைப்பும் தைத்துக்கொண்டேன். தினம் சாயங்காலம் சரோஜா என்னை நாற்காலியில் அண்ணாந்து உட்கார வைத்து, "ஆடாதீங்க, கண்ணைத் தொறங்க" என்று நல்ல கண்ணில் மருந்து ஊற்றுகிறாள். எரிகிறது. இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நான் கூரையைப் பார்க்கிறேன்.

முதல் தடவை போன கதையைக் கேள். எனிமா கேனும் ரப்பர் டியூபும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை நிறுத்திப் பையை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். கான்ஸ்டபிள் என் பையைத் திறந்தார். டியூபைத் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"இன்னாய்யா இது?"

"கண்ணு கழுவறதுக்குங்க."

அவர் கேனைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். "அம்மாம் பெரிய கண்ணா உனுக்கு" என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அந்த வெளிச்சம் தவறிக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமாம். அதனால் டாக்டர், நர்ஸ், நான், எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி. அங்கே எனக்குக் கண்ணில்தான் வைத்தியம் நடந்தது என்று நான் சத்தியமே செய்யலாம். வலி அதிகம் இல்லை. வயிற்றுக்குள் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. அதைவிட, புகை. என் உள்ளிருந்து புகை வருகிறது, அதை ஒரு மெஷின் உறிஞ்சுகிறது. வாசனை எப்படி என்று எழுத மாட்டேன். கோழி வாட்டுகிற வீட்டுப் பக்கம் அன்றிலிருந்து போவதில்லை.

ரத்தம் நின்றிருக்கிறது. அதுவரைக்கும் வேட்டியை நானே கம்பெனிக் குழாயில் அலசிக்கொண்டிருந்தேன். அப்பா மாதிரி என்று நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட்டேன்.

கோதண்டம்


நெய்வேலி
15-8-1991

அண்ணனுக்கு,

சிரிக்கத்தான் சிரித்தேன். அப்புறம் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

நீ எதையும் வேடிக்கையாக்கிவிடுவாய். சின்ன வயதில் கை முறிந்து வந்தபோதும் அப்படித்தான், எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு ராத்திரி ஜுரத்தில் கிடந்தாய். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். வழியில் மயங்கி விழுந்தால் என்ன செய்வார்கள்? எந்த டாக்டரிடம் கொண்டுபோவார்கள்? உனக்கு எங்கே என்ன இருக்கிறது என்று அங்கே ஒருத்தருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், நான் நெய்வேலியில் இருக்கிறேன்.

அந்த இடத்தில் வியாதி வருவது உன் குற்றமா? அண்ணி உன்னைக் கேலி செய்வாளா? செய்ய மாட்டாள். அவளைப் பற்றி நல்லதாக எழுத எனக்கே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த தடவை எப்போது? போ. அதை மட்டும் விடாதே.

செந்தாமரை


ஒரகடம்
9-10-1991

தங்கச்சிக்கு,

விட்டுவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் கதையைக் கேட்டுவிடு.

இரண்டாவது தடவை ஒழுங்காகப் போனேன். மூன்றாவதற்குக் கிளம்புகிற அன்று காலையில் சின்னப்பொண்ணு புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கையில் கட்டுச்சோறு. அவளுக்கு ஒரு கண்ணில் புரை. "அவரு போறப்போ உன்னையும் இட்டுக்கினு போவாரு" என்று சரோஜா வாக்குக் கொடுத்திருக்கிறாள், என்னைக் கேட்காமல். நான் என்ன செய்ய? மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, அவள் காதில் விழாத தூரத்தில் ஒரு பூக்காரியிடம் விசாரித்து, தினம் வந்து பழகியவன் மாதிரி அழைத்துப்போனேன்.

அவளை வரிசையில் உட்கார வைத்துவிட்டு என் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்பது திட்டம். ஆனால் முதலிலேயே அவள் கண்ணில் ஏதோ மருந்தை ஊற்றிப் பாப்பாவை விரியவைத்துவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுட்டுட்டுப் போயிடாதண்ணே, எனக்கு இந்த ஊரே புகையாத் தெரியுது" என்றாள். விடவே இல்லை, சாயங்காலம் வரைக்கும். இதை உனக்கு ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்தக் கையை உதறிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் அவளிடம் வெகு நேரம் பேசினார். புரையோடு கண்ணில் பிரஷரும் இருக்கிறதாம். தலைவலியும் வாந்தியும் வந்தால் அது கண் பிரஷர்தான், தாமதிக்காமல் ஓடி வர வேண்டும் என்றார். அதை அவள் ஊருக்கெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், டாக்டர் என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

இன்னொன்று. சூப்பர்வைசர் ராஜசேகர் கூப்பிட்டனுப்பினார். "கோதண்டம், கண்ணு சரியில்லாதவரை இன்ஸ்பெக்ஷன்ல வெச்சா கம்ப்ளெயின்ட் வரும். தப்பா நெனச்சுக்காத" என்று ஸ்க்ராப் யார்டுக்கு மாற்றிவிட்டார். மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்கிற இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இப்போது துருப்பிடித்த தகட்டுக் குவியலுக்குக் காவல் இருக்கிறேன். சரோஜாவிடம் மட்டும் பிரமோஷன் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனையோ சொல்லியாயிற்று.

கோதண்டம்


நெய்வேலி
20-10-1991

அண்ணனுக்கு,

திட்டப் போவதில்லை. களைத்துவிட்டேன்.

சின்னப்பொண்ணு கையைப் பிடித்தாள் என்று எழுதினாய். அந்த இடத்திலேயே அவளிடம் சொல்லியிருந்தால் அவளே உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போயிருப்பாள். புகையாகத் தெரிந்தாலும்.

தவறவிட்டதற்குப் பதிலாக உடனே வேறு நாள் கேட்டாயா? எழுதவில்லையே. எழுது.

செந்தாமரை


ஒரகடம்
12-11-1991

தங்கச்சிக்கு,

கேட்டேன். நாளும் கொடுத்தார்கள். தீபாவளி கழிந்த மறுவாரம். சரோஜா, "போன தடவை வந்ததிலிருந்து மொகமே சரியில்ல, நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஆகவே இரண்டு பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வெளியே பெஞ்சில். டாக்டர் என் கண்ணைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே, சின்னப் பையன் கண்ணு மாதிரி கீது. எதுக்கு வந்தீங்க?" என்றார். சும்மா, காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ. கர்ச்சீப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சரோஜா கையைப் பிடித்துப் படி இறக்கினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, காற்று படக் கூடாது என்று தன் முந்தானையால் என் கண்ணை மூடினாள். தண்டலம் வரைக்கும் அந்த முந்தானைக்குள் இருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். யாரும் முகத்தைப் பார்க்க முடியாத இடம்.

சொல்ல வாய் எடுத்தால் என்ன வார்த்தையால் சொல்வது என்று வரவில்லை. மற்றவர்களின் எந்த உறுப்பைப் பற்றியும் எனக்கு வார்த்தை இருக்கிறது.

சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வயிறு சில நாள் இறுக்கமாக இருக்கிறது. ரத்தம் மறுபடி வருகிறது. கவலைப்படாதே, அடுத்த தடவை நிச்சயம். நீ அண்ணிக்கு எழுதிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. எழுதினால் உனக்கு அண்ணன் இல்லை. இதை வேடிக்கையாக எழுதவில்லை.

கோதண்டம்


நெய்வேலி
2-12-1991

அண்ணனுக்கு,

எழுதவில்லை. நேரிலேயே வந்தேன். உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். போன வியாழக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்தாய்.

அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. "பொண்ணு கேட்டு வந்தியா? கலைமதிக்கு வேற எடம் பார்த்துக்கினு கீறோம்" என்றாள். நான் வந்தது அதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "உன் பொண்ணு யாருக்கு வேணும், எம் பையனுக்கு வரிசையில நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். சின்னப்பொண்ணு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து விலக்கிவிட்டாள்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். செங்கல்பட்டு தாண்டின பிறகுதான் எதற்கு வந்தேன் என்பதே நினைவு வந்தது. இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். இறங்கவில்லை. உன்னை வெட்கம் பிடித்தவன் என்று திட்டுகிறேன், என்னை எது பிடித்தது?

வயிறு இறுக்கம் என்று எழுதியிருந்தாயே. அப்பாவுக்கும் முதலில் அதுதான். நீ இன்றைக்கே போ. நாள் கொடுக்காவிட்டாலும் வாசலில் போய் உட்கார்.

செந்தாமரை


மெட்ராஸ், ஆஸ்பத்திரி
23-12-1991

தங்கச்சி செந்தாமரைக்கு,

கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. கையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் அண்ணி. தலைவிதியைப் பார், உனக்கு அவள் எழுதும் முதல் கடிதம்.

'பயமில்லை, கடிதம் வருகிறது' என்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். நடந்ததைச் சொல்கிறேன். ஸ்க்ராப் யார்டில் வாந்தி எடுத்தேன். வயிறு கல்லாகிவிட்டது. தலை சுற்றி விழுந்தேன். கம்பெனி வேனில் தூக்கிப்போட்டார்கள், டிரைவர் யாக்கோபு. வழியில் ஒரகடத்தில் நிறுத்தி சரோஜாவை ஏற்றினார்கள், கூடச் சின்னப்பொண்ணும் ஏறிக்கொண்டாள். அவள்தான் கண்டுபிடித்தாள். "வாந்தி, தலைசுத்தல், இது கண்ணு பிரஷர்தான். அந்த டாக்டரே சொல்லிகிறாரு, லேட் பண்ணக்கூடாது." யாக்கோபு திரும்பி, "எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்று என்னைத்தான் கேட்டான். எனக்கு நினைவு இருந்தது. என் ஆஸ்பத்திரி பெயர் நாக்கு நுனியில் இருந்தது. எல்லார் முகமும் என் மேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணு வலிக்குது போல" என்று சரோஜா தன் கையை என் கண்மேல் வைத்தாள். கண் ஆஸ்பத்திரிக்கே போனோம்.

அங்கே ஒரு சின்ன டாக்டர் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள். "கண்ணு நல்லா இருக்கு. வயித்தைப் பார்த்தீங்களா?" என்று கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளச் சொன்னாள். வராந்தாவில் வைத்துத்தான் சரோஜாவிடம் சொன்னேன். யாக்கோபு இருந்தான், சின்னப்பொண்ணு இருந்தாள், தெரியாத நாலு பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலேயும் சொன்னேன், தங்கச்சி. வார்த்தை எல்லாம் தானாக வந்தது. ரொம்ப எளிதான வார்த்தைகள்.

என்ன கேட்டாலும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை, ஏன் ஏமாற்றினாய், எல்லாவற்றுக்கும். அவள் கேட்டது, "வலிச்சுதா?" அழுதாள்.

(அழவில்லை. இது பொய். சரோஜா.)

இங்கே கொண்டுவந்தபோது குடல் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. லேசருக்கு வழியே இல்லை என்றார்கள். முதுகில் ஊசி போட்டு வயிற்றில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். இனிமேல் எல்லாம் அந்த வழிதான், ஒரு பையில். எழுப்புவது என் பொறுப்பு இல்லை என்றாரே மயக்க மருந்து டாக்டர், அவர்தான் பக்கத்திலேயே நின்று, "கோதண்டம், தூங்காதய்யா" என்று பேசிக்கொண்டே இருந்தார். இப்போது பின்பக்கம் ஓய்வு பெற்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் நான் ரிடையர் ஆகவில்லை, அது ஆகிவிட்டது.

(இதை எல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டேன். எழுது என்கிறார்.)

கொஞ்சம் தேறினதும் மறுபடி லேசர் வைப்பார்களாம், சரோஜா டாக்டரைக் கேட்டுவிட்டாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இந்தத் தடவை ஒன்றையும் விட மாட்டேன். அவளே அழைத்து வருவாள். ராஜசேகர் பார்க்க வந்தார். கண் சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி இன்ஸ்பெக்ஷனுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். பொங்கல் கழிந்து போய்ச் சேரலாம் என்று இருக்கிறேன். நீ வந்துபோனதை சரோஜா சொன்னாள். உங்கள் இரண்டு பேர் வாய்க்கும்

செந்தாமரை,

அவர் தூங்கிவிட்டார். மீதியை நான் எழுதுகிறேன்.

லேசர் இனி இல்லை. நான் டாக்டரைக் கேட்டேன், அவர் இல்லை என்றார். சதையை எடுத்துச் சோதித்ததில் புற்றாக மாறிவிட்டிருக்கிறதாம், கல்லீரலுக்கும் போய்விட்டதாம். அந்த ரெண்டு தடவை வந்திருந்தால் என்று கேட்டேன். முன்னாலேயே பார்த்திருப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ரெண்டில் ஒன்று சின்னப்பொண்ணை நான் அனுப்பியது. இன்னொன்றுக்கு நானே கூடப் போனேன்.

பொங்கலைத் தாண்டினால் பெரிது என்றார். இவரிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒருத்தரை நம்ப வைக்கலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது. தினம் காலண்டரைக் கேட்கிறார், நான் சொல்கிறேன்.

அன்றைக்கு வாசலில் உன்னை உள்ளே கூப்பிட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அதைப் பற்றி நாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், அதற்கு நமக்கு நாள் இருக்கிறது.

நீ உடனே கிளம்பி வா. வழியிலேயே அழுது முடித்துவிடு. வார்டு வாசலில் குழாய் இருக்கிறது, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வா. என்னோடு சண்டை போட வந்தவள் மாதிரியே வா. அதைத்தான் அவர் நம்புவார்.

சரோஜா